தாளத்துக்கும் ஜோடிப் பொருத்தம் உண்டு

கோயமுத்தூரிலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். எழுத்தெல்லாம் முத்து முத்தாகத்தான் இருக்கிறது; விஷயத்தைப் படித்தால் பாவமாயிருக்கிறது.

"என் பிள்ளை காலேஜில் படிக்கிறான். டிரம்ஸ் வாசிக்கிறான். போன வருஷம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு டிரம்ஸ் செட் வாங்கிக்கொண்டான். அதோடு விட்டது என்று இருந்தேன். இப்போது, 'அம்மா, இரண்டு தட்டு வாங்க வேண்டும்' என்கிறான். இரண்டே இரண்டு தட்டு! விலையைக் கேட்டதும் எனக்குத் தலையைச் சுற்றியது. அந்தப் பணத்துக்குக் குளிர்சாதனப் பெட்டியே வாங்கலாமே! செட்டோடு வந்த தட்டுகள் நன்றாய்த்தான் இருக்கின்றன. ஓட்டை உடைசல் எதுவும் இல்லை. இவன் கேட்பது நியாயந்தானா? நியாயம் என்றால், எதைப் பார்த்து வாங்குவது?"

கடிதம் சரியான விலாசத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. எனக்குச் சங்கீத ஞானம் பிரமாதமாக ஒன்றும் கிடையாது. ஆனால் இதே இரண்டு தட்டு விவகாரத்தில் எங்கள் குடும்பமே ஒரு தடவை மூழ்கி எழுந்திருந்தது. என் அக்காள் பெண் டிரம்ஸ் வாசிக்கிறாள். "பெண் குழந்தைக்கு இது எதற்கு?" என்று கேட்டவர்களெல்லாம் இப்போது கச்சேரியில் முன் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுகிறார்கள். அது தனிக் கதை. இன்னொரு வாரம் சொல்கிறேன்.

முதலில், அந்த இரண்டு தட்டு என்ன என்று தெரிந்துகொள்ளலாம்.

டிரம்ஸ் வாசிப்பவருக்கு இடது கைப்பக்கம் ஒரு ஸ்டாண்டு நிற்கும். அதன் உச்சியில் இரண்டு தாளத் தட்டுகள், வாயோடு வாய் வைத்தாற்போல் ஒன்றன்மேல் ஒன்று இருக்கும். கீழே ஒரு மிதி. மிதித்தால் மேல் தட்டு இறங்கிக் கீழ்த் தட்டைக் கவ்வும். காலை எடுத்தால் விலகும். இதற்குத்தான் 'ஹை-ஹாட்' என்று பெயர். சுருக்கமாகச் சொன்னால், காலால் போடுகிற ஜால்ரா! காலால் மட்டும் மூடினால் 'சிக்' என்று ஒரு சத்தம். மூடி வைத்துக் குச்சியால் தட்டினால் 'டிக் டிக்' என்று கடிகாரம் மாதிரி. கொஞ்சம் திறந்து தட்டினால் வாணலியில் கடுகு வெடிக்கிறாற்போல் 'ஸ்ஸ்' என்று ஒரு சீறல். ஒரே ஜோடியில் இத்தனை ஜாலம்! பாட்டு எந்த வேகத்தில் போகிறது என்பதைப் பெரும்பாலும் இந்த ஜோடிதான் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கும்.

ஆரம்பத்தில் இது இவ்வளவு உயரத்தில் இல்லை. 1920-களில், அமெரிக்காவில், காலடியிலேயே தரையை ஒட்டி இரண்டு சின்னத் தட்டுகளை வைத்து மிதித்துக்கொண்டிருந்தார்கள். குச்சியால் தட்ட வேண்டுமானால் குனிந்து தேட வேண்டும். யாருக்கோ நல்ல புத்தி தோன்றி, நடுவில் நீளக் கம்பியைக் கொடுத்துத் தட்டுகளைக் கை எட்டும் உயரத்துக்குத் தூக்கினார்கள். 1930-களில் கௌண்ட் பேஸியின் ஜாஸ் கோஷ்டியில் வாசித்த ஜோ ஜோன்ஸ் என்பவர், பெரிய டிரம்மில் 'தொம் தொம்' என்று போட்டுக்கொண்டிருந்த தாளக் கணக்கை இந்த ஜோடிக்கு மாற்றிக் காட்டினார். பாட்டு முழுவதுமே லேசாகி மிதக்க ஆரம்பித்துவிட்டது. அதிலிருந்து இதற்கு யோகந்தான்.

சரி, இரண்டு தட்டுக்கு அவ்வளவு விலை ஏன்?

இந்த இடத்தில் நம் சமையலறை ஞானம் கை கொடுக்கும். பித்தளைப் பாத்திரத்துக்கும் வெண்கலப் பாத்திரத்துக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாததா? பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும். பித்தளையைத் தட்டினால் 'டொக்' என்று நின்றுவிடும். வெண்கலத்தைத் தட்டினால் 'கணீர்' என்று காதில் ரீங்காரம் பண்ணும். கோயில் மணியை எதில் வார்க்கிறார்கள், பாருங்கள்! தாளத் தட்டும் அப்படித்தான். புதிதாகப் பழகுகிறவர்களுக்கான மலிவு செட்டுகளோடு வருவது பெரும்பாலும் பித்தளைத் தட்டு. அதற்கு மேல் படி, நூற்றுக்கு 92 பங்கு செம்பும் 8 பங்கு வெள்ளீயமும் கலந்த தகட்டில் வெட்டி எடுத்தது. சத்தம் பளிச்சென்று இருக்கும், விலை சுமார். அதற்கும் மேலே, 80 பங்கு செம்பும் 20 பங்கு வெள்ளீயமும் சேர்த்து வார்த்து, சுடச் சுட உருளையில் கொடுத்துத் தட்டி, சுத்தியலால் அடித்து, கடைந்து எடுப்பது. வேலை அதிகம்; விலையும் அதிகம். சத்தத்தில் பல அடுக்கு இருக்கும். வெள்ளீயம் கூடக் கூட உலோகம் நொறுங்கும் சுபாவம் கொண்டுவிடுகிறது. வெண்கலப் பானை கை தவறி விழுந்தால் விண்டுபோவது இதனால்தான். ஆகவே தாளத் தட்டையும் போடக்கூடாத இடத்தில் போட்டால் விரிசல்தான்.

இந்த 80-க்கு 20 கலவைக்குப் பின்னால் ஒரு குடும்பக் கதையே இருக்கிறது. நம் தொடர்கதைகள் தோற்றுப் போகும். கான்ஸ்டான்டிநோபிளில், 1618-ல், அவெடிஸ் என்ற ஆர்மீனியர் ஒருவர் பொன் செய்கிற ரசவாதத்தில் இறங்கினாராம். பொன் கிடைக்கவில்லை, அற்புதமாக ஒலிக்கிற ஒரு வெண்கலம் கிடைத்தது. சுல்தானே அவருக்கு 'ஜில்ஜியான்' என்று பெயர் கொடுத்தாராம். 'தாளம் செய்பவரின் மகன்' என்று அர்த்தம். 1623-ல் அவர் சொந்தமாகப் பட்டறை போட்டார். கலவையின் ரகசியம் ஆண் வாரிசுகளுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக வந்தது. 1929-ல் தொழில் அமெரிக்காவுக்குக் குடியேறியது. 1979-ல் அன்றைய தகப்பனார் காலமானதும், அண்ணன் ஆர்மண்டுக்கும் தம்பி ராபர்ட்டுக்கும் பாகத் தகராறு. கோர்ட்டு வரை போயிற்று. கடைசியில் தம்பிக்குக் கனடாவில் இருந்த தொழிற்சாலை கிடைத்தது. 1981-ல் அவர் அங்கே புதுக் கம்பெனி ஆரம்பித்தார். என்ன பெயர் வைப்பது? தம் மூன்று குழந்தைகளையும் கூப்பிட்டார் போலிருக்கிறது. ஸாலியில் 'ஸா', பில்லில் 'பி', ஆண்டியில் 'ஆன்' என்று எடுத்து 'ஸாபியான்' என்று வைத்துவிட்டார்! அண்ணன் வீட்டில் இன்னொரு அதிசயம். ரகசியம் அவருடைய பெண்கள் கைக்கு வந்தது. 1999-ல் மூத்த பெண் கிரேகி கம்பெனியின் தலைமைப் பொறுப்பையே ஏற்றார். முந்நூற்றெழுபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று, ஒரு பெண் அந்த நாற்காலியில் உட்கார!

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

என் அக்காள் பெண் மெல்லிசைக் குழு ஒன்றில் சேர்ந்த புதிதில், தன் சம்பாத்தியத்தில் முதல் ஜோடி ஹை-ஹாட் வாங்கினாள். கடைக்கு அவள் அம்மாவும் கூடப் போனாள். இருவரும் நம்மைப் போலத்தான் வாங்கினார்கள். எது கண்ணாடி மாதிரி பளபளக்கிறதோ, எது கையில் எடுத்தால் கனமாக இருக்கிறதோ, எது ஒரு தட்டுத் தட்டினால் கடை முழுவதும் கேட்கிறதோ, அது! கனமான பாத்திரந்தானே உழைக்கும் என்பது அக்காளின் வாதம். பாத்திரத்துக்குச் சரி.

கல்யாண ரிசப்ஷன்களில் அந்த ஜோடி வெகு ஜோராகத்தான் இருந்தது. மண்டபத்தில் நானூறு பேர் பேசுகிறார்கள். இலை போடுகிற சத்தம். கிடாரும் கீபோர்டும் ஒலிபெருக்கியில் அலறுகின்றன. அத்தனைக்கும் நடுவே 'டிக் டிக்' என்று ஒவ்வோர் அடியும் தெளிவாகக் கேட்கும். பாடுகிறவருக்கும் தாளம் கிடைத்துவிடும். கனத்த தட்டின் குணம் அதுதான்: சுருதி உயர்ந்திருக்கும், அடி தெளிவாக இருக்கும், கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு போகும்.

பிறகு ஒரு நாள், தனிப் பாடல் ஒன்றின் ஒலிப்பதிவுக்கு அவளைக் கூப்பிட்டார்கள். முதல் தடவை! அக்காள் சாமிக்குத் தேங்காய் உடைத்து அனுப்பினாள். சாயங்காலம் பெண் திரும்பி வந்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு பேசாமல் படுத்துவிட்டாள். ராத்திரி பத்து மணிக்குத்தான் என்னிடம் டெலிபோனில் சொன்னாள்.

"சித்தி, மூன்று தடவை வாசித்தேன். மூன்று தடவையும் ஒலிப்பதிவாளர் தலையில் கையை வைத்துக்கொண்டார். 'ஹை-ஹாட்டைத் தவிர வேறு ஒன்றும் கேட்கவில்லையே அம்மா' என்றார். கடைசியில் டிரம்ஸையே எடுத்துவிட்டு, மெஷின் தாளத்தைப் போட்டுப் பாட்டை முடித்துவிட்டார்கள்."

அவள் வாசிப்பில் குற்றம் இல்லை. காரணம் இதுதான். ஒலிப்பதிவில் ஒவ்வொரு டிரம்முக்கும் தனித் தனி மைக் வைக்கிறார்கள். ஹை-ஹாட்டுக்கும் அதன் பக்கத்தில் இருக்கிற 'ஸ்நேர்' டிரம்முக்கும் இடைவெளி ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரைச் சாண். ஸ்நேருக்கு வைத்த மைக்கில் ஹை-ஹாட் சத்தமும் ஒழுகி விழும். பிற்பாடு ஸ்நேரைக் கொஞ்சம் தூக்கலாம் என்று பார்த்தால், கூடவே ஹை-ஹாட்டும் எழும்பிவிடும். சாம்பாரில் விழுந்த உப்பு மாதிரி. போட்ட பிறகு எடுக்க முடியாது. இன்னொன்று. பாடுகிறவர் வாயில் 'ச', 'ஸ', 'ஷ' என்று வருகிற எழுத்துக்கள் இருக்கின்றனவே, அவற்றின் சீறலும் ஹை-ஹாட்டின் சீறலும் ஒரே உயர்ந்த ஒலிப் பகுதியில்தான் குடியிருக்கின்றன. தட்டு கத்தினால் பாட்டின் வார்த்தைகளைத் தின்றுவிடும்.

ஆகவே மேடைக்கு நல்லது, பதிவுக்கு ஆகவில்லை. பதிவுக்கு நல்லது, மெல்லிசாக, சீக்கிரம் வாய் திறந்து சீக்கிரம் அடங்குகிற தட்டு. சுருதி இறங்கி, கொஞ்சம் மங்கலான நாதம் உள்ளது. அதை மேடைக்குக் கொண்டு போனால் ரிசப்ஷன் கூச்சலில் காணாமல் போய்விடும். அப்படியானால் இரண்டு ஜோடி வாங்க வேண்டுமா? அக்காள், வளையலுக்காகக் கட்டி வந்த சீட்டுப் பணத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "வளையல் எங்கே ஓடிப் போகிறது? குழந்தை மறுபடி அழக் கூடாது" என்றாள். அவள் குரல்தான் கொஞ்சம் கம்மியிருந்தது.

நான், "அவசரப்படாதே. தெரிந்தவர்களைக் கேட்டுவிட்டு வாங்கலாம்" என்றேன். எங்கள் தெருக்கோடியில் வயதான டிரம்ஸ் மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். பாடுகிறவர், வாத்தியக்காரர் அத்தனை பேரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஒரே மூச்சில் சினிமாப் பாட்டைப் பதிவு செய்த காலத்தில் வாசித்தவர். பெண்ணை அழைத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: "கடையில் யார் தட்டிப் பார்த்தது?"

"நான்தான் மாஸ்டர்."

"யார் கேட்டது?"

"அதுவும் நான்தான்."

"அதுதான் தப்பு. உன் காது தட்டுக்கு இரண்டடி தூரத்தில் இருக்கிறது. பாட்டுக் கேட்கிறவன் இருபது அடியில் இருக்கிறான். யாருக்காக வாசிக்கிறாய்? அடுத்த தடவை உன் சித்தியைக் கூட்டிக்கொண்டு போ. அவர்களைத் தூரத்தில் நிறுத்து. பழைய ஜோடியையும் உன் குச்சியையும் கையோடு எடுத்துக்கொண்டு போ."

"எனக்கு ஒன்றும் தெரியாதே மாஸ்டர்!" என்றேன்.

"அம்மா, சந்தையில் பானை வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்க்கிறீர்களே, அந்தக் காது போதும்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை மூன்று பேருமாகக் கிளம்பினோம். வாத்தியக் கடைக்காரர் நல்ல மனுஷர். நாலு ஜோடிகளை எடுத்து வைத்தார். அளவைப் பற்றியும் சொன்னார்: 13 அங்குலம் என்றால் சத்தம் கத்தரித்தாற்போல் இருக்கும், சுறுசுறுப்பாக மூடித் திறக்கும், 15 அங்குலம் என்றால் அகன்று, தாழ்ந்து, தாராளமாகப் பரவும், எதற்கும் பொதுவானது 14 அங்குலம். எங்களுக்கு அதுவே போதும் என்று முடிவாயிற்று.

நான் கடை வாசற்படி அருகே போய், முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றேன். கையில் காய்கறிக் கணக்கு எழுதிய சீட்டு. அதன் பின்புறம் மார்க் போட வேண்டியது. பெண், பழைய ஜோடியையும் சேர்த்து ஐந்தையும் மாற்றி மாற்றி, எது என்று சொல்லாமல் வாசித்தாள். ஒவ்வொன்றிலும் ஒரே வாசிப்பு. முதலில் மூடி வைத்து வேகமாக: அடிகள் தனித் தனியாக உதிர்கின்றனவா, ஒட்டிக்கொண்டு குழைகின்றனவா? பிறகு பாதி திறந்து: காதில் மழை பெய்கிறதா, தகரம் கிழிகிறதா? பிறகு குச்சி இல்லாமல் காலால் மட்டும்: 'சிக்' என்று தெளிவாகக் கேட்கிறதா? கடைசியாக அவள் வாசிக்கும்போதே நான் எனக்குத் தெரிந்த ஒரு பாட்டை மெல்ல முணுமுணுத்தேன். என் வார்த்தை என் காதுக்கே கேட்கிறதா? தெருவில் போனவர்கள் என்ன நினைத்தார்களோ, தெரியாது!

இரண்டு ஜோடி ஆனதும் ஒரு காப்பி சாப்பிட்டோம். காதுக்கும் அலுப்பு உண்டு. தொடர்ந்து கேட்டால் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும்.

மூன்று சுற்றிலும் நான் ஒரே ஜோடிக்குத்தான் அதிக மார்க் போட்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால், இருந்ததற்குள் ரொம்ப மங்கலாக, மெருகே இல்லாமல், பழம் பாத்திரம் மாதிரி இருந்தது அதுதான்! அக்காளுக்கு நம்பிக்கையே வரவில்லை. "இதையா? தேய்க்காத உருளி மாதிரி இருக்கிறதே!" என்றாள்.

அந்த ஜோடியிலும் ஒரு குறை இருந்தது. காலால் மூடினால் சில சமயம் 'சிக்' என்பதற்குப் பதில் 'புஸ்' என்றது. கடைக்காரர் சிரித்துக்கொண்டே, ஸ்டாண்டில் கீழ்த் தட்டுக்கு அடியில் இருந்த ஒரு சின்னத் திருகைத் திருப்பினார். கீழ்த் தட்டு துளி சாய்ந்தது. உடனே 'சிக்'! இரண்டு தட்டும் விளிம்பு பிசகாமல் ஒட்டிக்கொண்டால் நடுவில் காற்று மாட்டிக்கொண்டு விடுமாம். வெளியேற வழி இல்லாமல் சத்தத்தை அமுக்கிவிடும். கொஞ்சம் சாய்த்துவிட்டால் காற்று ஓடிவிடுகிறது. இதற்காகவே கீழ்த் தட்டின் விளிம்பை அப்பளம் மாதிரி நெளி நெளியாகச் செய்கிற கம்பெனியும் உண்டு. தட்டில் துளை போட்டு விற்கிறவர்களும் உண்டு. காசு கொடுத்து அதெல்லாம் வாங்குவதற்கு முன், திருகைத் திருப்பிப் பாருங்கள். தர்மமாகக் கிடைக்கிற வைத்தியம்!

விலையைக் கேட்டதும் அக்காள் மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சீட்டுப் பணம் அப்படியே போய்விடும். அப்போதுதான் பெண்ணுக்கு ஒரு யோசனை வந்தது. இரண்டு ஜோடிகளின் தட்டுகளையும் கையில் எடுத்து எடை பார்த்தாள். புது ஜோடியில் மேல் தட்டு ஒரு கிலோவுக்கும் கீழே. கீழ்த் தட்டு அதைவிடக் கால் கிலோ கூட. பழைய ஜோடியில் இரண்டுமே கனம். "மாமா, இந்த மெல்லிசு மேல் தட்டை மட்டும் என் பழைய கீழ்த் தட்டோடு சேர்த்துப் பார்க்கட்டுமா?" என்று கேட்டாள்.

நான் மறுபடி வாசற்படிக்குப் போய்த் திரும்பி நின்றேன். அவள் வாசித்தாள். முழு ஜோடியைவிட ஒரு இழை பளிச்சென்று இருந்தது, அவ்வளவுதான். மழை மழையாகவே இருந்தது. என் பாட்டும் எனக்குக் கேட்டது.

ஹை-ஹாட்டின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறதாம். ஜோடி என்றால் இரட்டைப் பிள்ளை மாதிரி ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மேலே இருப்பது மெல்லிசாக இருந்து பாட வேண்டும்; கீழே இருப்பது கனமாக இருந்து தாங்க வேண்டும். மாஸ்டரிடம் பிறகு சொன்னபோது அவர் கேட்டார்: "நட்டுவனார் கையில் இருக்கிற தாளத்தைப் பார்த்ததில்லையா அம்மா? ஒன்று வெண்கலம், ஒன்று இரும்பு. இரண்டும் ஒரே உலோகமாயிருந்தால் அந்தச் சொல் விழுமா?" பரதநாட்டியம் எத்தனையோ பார்த்திருக்கிறேன், இதைக் கவனித்ததே இல்லை.

தட்டுகளை ஒற்றையாகவும் விற்கிறார்கள் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஜோடி விலையில் ஏறக்குறையப் பாதியோடு வேலை முடிந்தது. இப்போது அவளிடம் மூன்று தட்டுகள். மேடை என்றால் பழைய கனத்த ஜோடி. பதிவு என்றால் மேல் தட்டை மட்டும் மாற்றிக்கொள்கிறாள். ஒரு நிமிஷ வேலை. சின்னக் கூடத்தில், பத்து முழ தூரத்தில் ஜனங்கள் உட்கார்ந்து கேட்கிற கச்சேரிக்கும் இப்போது மெல்லிசுதான். அங்கே போய்க் கனத்த தட்டைப் போட்டால், பாடுகிறவருடைய மைக்கிலேயே அது புகுந்துகொண்டு பாட்டைக் கெடுத்துவிடுமே!

இரண்டு மாதம் கழித்து மறுபடி ஒலிப்பதிவுக்குக் கூப்பிட்டார்கள், அதே இடத்திலிருந்து. இந்தத் தடவை நானும் போயிருந்தேன். ஹை-ஹாட் மைக்கை ஒலிப்பதிவாளர் தட்டின் விளிம்புக்கு நேரே வைக்காமல், நாலைந்து அங்குலம் மேலே, நடுக் குமிழுக்கும் விளிம்புக்கும் இடையில் குறி பார்த்து வைத்தார். விளிம்புக்கு நேரே வைத்தால் தட்டு மூடும்போது வருகிற காற்று மைக்கில் ஊதிவிடுமாம். பெண்ணும் குச்சியின் தடித்த பாகத்தால் விளிம்பில் அடிக்காமல், நுனியால் மேலே தொட்டு வாசித்தாள். தட்டு பாதி, கை பாதி என்று மாஸ்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஒரு தடவை வாசித்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் ஒன்றும் சொல்லவில்லை. தலையிலும் கை வைக்கவில்லை. "அடுத்த சரணம் போகலாம்" என்றார். அவ்வளவுதான். பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு, ஏனோ, கண்ணாடியைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கோயமுத்தூர் சகோதரிக்கு என் பதில் இதுதான். உங்கள் பிள்ளை கேட்பது நியாயந்தான். செட்டோடு வந்தது அநேகமாகப் பித்தளைத் தட்டாக இருக்கும். அது பழகுவதற்குப் போதும், மேடை ஏறினால் போதாது. ஆனால் உடனே பணத்தை எடுத்து நீட்ட வேண்டாம். எங்கே வாசிக்கப் போகிறான் என்று முதலில் கேளுங்கள். மேடையா, பதிவா, சின்னக் கூடமா? இன்னும் எதுவும் நிச்சயமில்லை என்றால், 14 அங்குலத்தில், அதிகக் கனமும் இல்லாத, அதிக மெல்லிசும் இல்லாத மேல் தட்டும், அதைவிடக் கொஞ்சம் கனமான கீழ்த் தட்டுமாக 80-க்கு 20 வெண்கலத்தில் ஒரே ஜோடி வாங்குங்கள். எல்லா இடத்துக்கும் ஈடு கொடுக்கும். பிறர் வாசித்த பழைய ஜோடி கிடைத்தாலும் தோஷமில்லை. விளிம்பிலும் நடுத் துளையைச் சுற்றியும் விரிசல் இருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பார்த்து வாங்குங்கள். பாதி விலையில் முடியும்.

கடைக்கு நீங்களும் கூடப் போங்கள். பணம் கொடுக்க மட்டும் அல்ல. வாசற்படியில் திரும்பி நின்று கேட்பதற்கு. பிள்ளைக்கு அந்த இருபது அடி தூரத்துக் காது வேண்டும். அது அவனிடம் இல்லை, உங்களிடம் இருக்கிறது.

இன்னும் ஒரே ஒரு வார்த்தை. வாங்கி வந்த தட்டு நாளடைவில் மங்கும். கைரேகை படியும். அதைப் பார்த்ததும் நமக்குக் கை துறுதுறுக்கும். தயவு செய்து புளியையும் சாம்பலையும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள்! எங்கள் அக்காள் ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கோடு விளக்காக அந்தப் பழைய கீழ்த் தட்டையும் தேய்த்து வைத்துவிட்டாள். கம்பெனி பெயர் இருந்த இடம் துடைத்துவிட்டாற்போல் ஆயிற்று. நல்ல வேளை, நாதம் போகவில்லை. மெல்லிய உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும். மங்கின தட்டுக்குத்தான் மவுசு என்கிறார்கள் வாசிக்கிறவர்கள்.

அக்காளுக்கு மீதிப் பணத்தில் வளையல் வந்துவிட்டதா என்று கேட்கிறீர்களா? ஒற்றை வளையல் வந்திருக்கிறது. ஜோடி சேர இன்னும் ஆறு சீட்டு பாக்கி!